அமைச்சர் பக்கம் பேசியவள்

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து படித்த நாம் எல்லோருமே இப்போது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். சேர்ந்து உட்கார்ந்தால் யார் பேரன் எங்கே வேலை பார்க்கிறான், யாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனது என்றுதான் பேச்சு போகிறது. போகட்டும். ஆனால் அந்த வருஷத்து உப்பு சீசனைப் பற்றி மட்டும் என் எதிரில் நீங்கள் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. தலை நிமிர்ந்து நினைத்துப் பார்க்க எனக்கு வாய்த்த காலம் அதுதான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வராத மரக்காணம் அது. பள்ளிக்கூடத்து ஜன்னலில் நின்றால் உப்பளம் தெரியும். மத்தியான வகுப்பில் பாத்திகளின் வெளிச்சம் கூரையில் வந்து தண்ணீர் போல அலையும். ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்தால் கரிக்கும். வைத்துப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் கிடையாது. பெஞ்சு ஆணியெல்லாம் துருப்பிடித்து, வெள்ளைத் தாவணியில் செங்கறை ஏற்றிவிடும். அந்தக் கறையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் தேய்த்தே என் ஒரே தாவணி நைந்து போனது. அது எந்தத் துணிமூட்டையோடு எப்போது வீட்டைவிட்டுப் போனது என்று தெரியவில்லை. இருந்தால் என் பேத்திக்குக் காட்டியிருப்பேன்.

வகுப்பில் பாதிக்கு மேல் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள். என் அம்மாவும் அளத்தில் உப்பு வாருகிறவள். விடிவதற்கு முன்னால் போய், வெயில் சாய்ந்ததும் வருவாள். வந்ததும் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பாத வெடிப்புக்குள் உப்பு போனால் எப்படி எரியும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். அப்பா உப்பு லாரியில் லோடுமேன். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டில் தலை தெரிந்தால் பெரிய விஷயம்.

பொங்கல் கழிந்து தமிழ் ஐயா துணைப்பாடத்தில் அந்தக் கதையை எடுத்தார். ஐயாவை மறந்திருக்க மாட்டீர்கள். பெருமுக்கல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார், சாக்பீஸை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருப்பார். கதை உங்களுக்கு மறந்திருக்கலாம். ஒரு சின்ன மலைக்கோட்டை. அதைப் பெரிய அரசன் ஒருவன் படையோடு வந்து வளைத்துக்கொள்கிறான். கோட்டைக்குள் கிணறு வற்றுகிறது. கதவைத் திறந்துகொண்டு போய்ச் சண்டை போட்டுச் சாகலாம் என்கிறான் தளபதி. அமைச்சர் தனியாகத் தூது போகிறார். கோட்டை நம்முடையதாகவே இருக்கும், விளைச்சலில் ஒரு பங்கை வருஷா வருஷம் கொடுத்துவிட வேண்டும் என்று பேசி முடித்துவிட்டு வருகிறார். ஊர் அவர் மேல் மண்ணை வாரித் தூற்றுகிறது. தளபதி ஆத்திரத்தோடு தன்னந்தனியாக வெளியே போய்ச் சண்டை போட்டுச் சாகிறான். அவனுக்கு நடுகல் நட்டார்கள் என்று கதை முடியும்.

பின்னால் கேள்வி: ‘அமைச்சரின் கோழைத்தனம் எவ்வாறு வெளிப்படுகிறது?’

ஐயா பதிலைச் சொல்ல, நாம் எழுதிக்கொண்டோம். கேள்வியிலேயே தீர்ப்பும் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பிடித்தது கதையைவிட அதன் சொற்கள்தான். கரும்பலகை முழுக்க ஐயா எழுதிப் போட்டார். முற்றுகை, தூது, கப்பம், உடன்படிக்கை, சமரசம், சரணாகதி, துரோகம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வாய் நிறைய அடைத்துக்கொள்கிற சொற்கள். அந்த வாரம் முழுக்க நாம் அதை வைத்து ஆடின ஆட்டம் கொஞ்சமா? கமர்கட் கடையை முற்றுகையிட்டோம். என் தம்பி வாசற்படியில் குறுக்கே கால் நீட்டிக்கொண்டு, உள்ளே போகிறவர்களிடமெல்லாம் முறுக்கில் பாதி கப்பம் கேட்டான். சமரசம் என்ற சொல்லுக்கு ஐயா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடைக்காரர் மகள் எழுந்து, அவளுடைய அத்தா கடையில் யாராவது சண்டை போட்டால் ‘ஸுல்ஹ் பண்ணிக்கங்க’ என்றுதான் சொல்வார், இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்டாள். ஐயா அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ரொம்ப சரி, ஒன்றுதான் என்றார். ஆனால் பலகையில் எழுதவில்லை. நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மாசி மாதத்தில் அளத்தில் வேலை நின்றது.

பால் கொடுக்கிற பிள்ளையைக் கரையில் கூடை நிழலில் படுக்கவைத்துவிட்டு வாரிக்கொண்டிருந்த ஒருத்தி, பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். குடிக்கத் தண்ணீர் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோகிற தண்ணீர் வெயில் ஏற ஏறக் கொதித்துப்போய், அதுவும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். தண்ணி வேணும்னா நீங்கதான் எடுத்துக்கிட்டு வரணும் என்று மேஸ்திரி சொன்னான். அதைக் கேட்டதும் எங்கள் எதிர்வீட்டு அத்தை கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். சங்கம் கிங்கம் எதுவும் அப்போது எங்கள் அளத்தில் கிடையாது. அத்தையின் குரல்தான் சங்கம். இந்தக் கோடியில் கூப்பிட்டால் அந்தக் கோடியில் திரும்பிப் பார்ப்பார்கள். தண்ணீர்த் தொட்டி, நிழலுக்கு ஒரு கொட்டகை, கூலி உயர்வு. மூன்றும் கிடைத்தால்தான் எழுந்திருப்போம் என்றாள்.

அத்தைக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு நெருக்கம். கணவனை இழந்து மகன்களைத் தனியாக வளர்த்தவள் அத்தை. அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வராத நாள் குறைவு. குணத்தில்தான் இரண்டு பேரும் வேறு வேறு. அத்தை பேசினால் தெரு கேட்கும். அம்மா பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் குனிந்து கேட்க வேண்டும்.

நாட்கள் போயின. முதலாளி எட்டிப் பார்க்கவில்லை. வீடுகளில் சோறு கஞ்சியானது. ஏற்கெனவே வாரின உப்பு கரையோரம் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்துகிடந்தது. அதன்மேல் ஓலை வேய்ந்து மூடுவதற்கும் ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் கூழ் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தென்கிழக்கே கடல் மேல் திடீரென்று கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குரிய காலமே இல்லை. காற்று நின்று, பாத்திகளில் வெள்ளை போய் ஈய நிறம் வந்தது. கொஞ்ச நேரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதலாளியின் ஜீப் வந்து, சாலையோரத்து ஆபீஸ் ரூமில் நின்றது. ரெண்டு மூணு பேர் வாங்க, பேசலாம் என்று மேஸ்திரி ஓடிவந்தான். அத்தை அசையவில்லை. அவர் வேணும்னா இங்க வரட்டும் என்றாள். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தாள். கூட இரண்டு பேர் போனார்கள். நான் தூக்குச்சட்டியோடு அம்மா பின்னால் போனேன்.

அந்த ரூமில் நடந்தது எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. முதலாளி உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்றோம். தொட்டியும் கொட்டகையும் போட்டுக் கொடுக்கிறேன், முதலில் உப்பை மூடுங்கள் என்றார். கூடப் போன இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் கேட்டாள்.

“எப்பங்க போடுவீங்க?”

“போடலாம்மா.”

“எப்பன்னு சொல்லுங்க. மூங்கிலும் ஓலையும் இங்கயேதான் கெடக்குது. உப்ப மூடின கையோட இன்னிக்கே நட்டுடலாம்.”

முதலாளி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சரி என்றார். தண்ணீருக்கு நாளைக்கே டிராக்டரில் தொட்டி வரும் என்றார்.

“கூலிங்க?”

“அது அடுத்த சீசனுக்குப் பேசிக்கலாம்.”

அம்மாவும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பிறகு, சரிங்க என்றாள்.

அவள் கரைக்குத் திரும்பி, யாரிடமும் ஒன்றும் விளக்காமல், ஓலைக்கட்டை அவிழ்த்து முதல் அம்பாரத்தை மூட ஆரம்பித்தாள். பேசி முடிச்சாச்சு என்று மட்டும் சொன்னாள். தன் கையால் வாரின உப்பு மழையில் கரைவதைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். அத்தை மட்டும் ஓலையைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தாள். சாயங்காலத்துக்குள் உப்பெல்லாம் மூடியாயிற்று, கொட்டகைக்குக் கால்களும் நட்டாயிற்று.

மழை வரவில்லை. ஒரு தூறல்கூட இல்லை. மேகம் அப்படியே கடல் மேல் வடக்கே நகர்ந்து போய்விட்டது. மறுநாள் காலையில் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு தெரு மாறிவிட்டது. இன்னும் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் முதலாளி கூலியையும் சேர்த்துக் கொடுத்திருப்பார், மேகத்தைப் பார்த்து இவள் பயந்துவிட்டாள், எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று பேச்சு. முதலாளி இவளுக்குத் தனியாக ஏதோ கொடுத்தார் என்றும் சிலர் சொன்னார்கள். எதிர்வீட்டிலிருந்து குழம்பு வருவது நின்றது. அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தவர், ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதா என்று அம்மாவைத் திட்டினார். எந்த விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போக வேண்டும், எதில் கூடாது என்று அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்கப் பிடிபடவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நல்லவர்தான். லாரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பழகினவர்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு அது வேறு விதமாக வந்து சேர்ந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், இப்போது எனக்கு ரொம்ப வேண்டியவள், என் தம்ளரைத் தட்டிவிட்டு, “உங்கம்மா துரோகி” என்றாள். தெருவில் இருந்த பெண்கள் யாருக்கும் அந்தச் சொல் கிடையாது. அது பலகையில் இருந்து வந்த சொல். நானும் அவளும் ஒரே வகுப்பில் சேர்ந்து வாய்விட்டுச் சொன்ன சொல்.

அன்று வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் மழை வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை என்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“மேகம் நிக்கிற வரைக்கும்தான்டி நாம பெரியாளு. மழ பேஞ்சி உப்பு கரைஞ்சிட்டா, அப்புறம் அவருக்கு நாம எதுக்கு? மேகம் கலைஞ்சி போயிட்டாலும் அவருக்கு நாம எதுக்கு? அந்த ஒரு மத்தியானம்தான் நம்ம பேச்சு அவர் காதுல ஏறும். கெடைக்கறத வாங்கிட்டேன்.”

கோட்டைக்கு வெளியே நின்ற அந்தப் பெரிய படை மழைக்காலத்துக்கு முன்னால் ஊர் திரும்ப வேண்டும் என்று கதையில் ஒரு வரி வருமே, அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஐயா அந்த வரியை நிறுத்தாமல் வாசித்துவிட்டுப் போயிருந்தார்.

பங்குனியில் இலக்கிய மன்ற விழா. ‘அமைச்சர் கோழையே’ என்று ஒரு பக்கமும், ‘இல்லை’ என்று ஒரு பக்கமும் பேச வேண்டும். குரல் கணீரென்று இருக்கிறது என்று என்னைக் ‘கோழையே’ பக்கம் போட்டு, விழாவுக்கு வெகு நாள் முன்பே ஐயா தயார் செய்திருந்தார். எதிர்ப்பக்கம் துணிக்கடைக்காரர் மகள். பக்கத்தை மாற்றிக்கொடுங்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். மாட்டேன் என்றார். ஜெயிக்கிற பக்கத்தை யாராவது விடுவார்களா என்று கேட்டார். அவரைப் பற்றி இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. தலைமை ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற மனிதர், வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நின்றுகொண்டு வீரத்தைச் சொல்லிக்கொடுத்தார். உண்மையில் அவருக்கு அந்த அமைச்சரைத்தான் பிடித்திருக்க வேண்டும். பதில் புத்தகத்தில் இல்லாததால் சொல்லவில்லை.

கடைசியில் அந்தத் துணிக்கடைத் தோழியிடமே கேட்டேன்.

“எடுத்துக்கடி. எனக்கு மட்டும் தோக்கணும்னு வேண்டுதலா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்க அத்தாவும் உங்கம்மா செஞ்சது சரின்னுதான் சொன்னாரு” என்றாள். மேடையில் பேர் கூப்பிடும்போது இடம் மாறி நின்றுகொள்வது என்று முடிவு செய்தோம். அத்தனை பேர் முன்னால் ஐயாவால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எங்கள் கணக்கு.

மைதானத்தில் பந்தல். கடல்காற்றில் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மைக் நடுநடுவே கீச்சிட்டது. அளத்துப் பெண்கள் வேலை முடிந்து அப்படியே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை முன்னால் இருந்தாள். அம்மா கடைசியில், கம்பத்தோரம், தனியாக. மேடையில் தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில் சந்தனமாலை போட்டுக்கொண்டு முதலாளி. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக்கொடுத்ததற்காக அவர்தான் அந்த வருஷத்து விருந்தாளி. அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது.

தோழி முதலில் பேசினாள். நன்றாகவே பேசினாள். கைதட்டல் எழுந்தது. பிறகு நான். அமைச்சர் பக்கம் என்று ஆரம்பித்ததும் ஐயா முன்வரிசையில் பாதி எழுந்து, தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்துவிட்டார்.

நான் மனப்பாடம் செய்தது எதுவும் இல்லை. யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். சரணாகதி என்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது, சமரசம் என்றால் விட முடிந்ததை விட்டு, விட முடியாததை வைத்துக்கொள்வது, அமைச்சர் கோட்டையை விடவில்லை என்றேன். இரண்டு பக்கத்துக்கும் அவசரம் இருக்கிற ஒரு நாள்தான் பேச முடிகிற நாள், அந்த நாளை அவர் கண்டுபிடித்தார் என்றேன். “தளபதிக்கு நடுகல் நட்டார்கள். நட்டவர்கள் யார்? உயிரோடு மிஞ்சியவர்கள். அவர்கள் உயிரோடு மிஞ்சியது யாரால்?” என்று கேட்டு முடித்தேன்.

முதலில் கைதட்டியது முதலாளி. பொண்ணு நல்லா சொல்லுச்சு, எதுவா இருந்தாலும் விட்டுக்கொடுத்துச் சமாதானமா போறதுதான் நல்லது என்று மைக் இல்லாமலே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. தன்னைப் பாராட்டிப் பேசினேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். மழை பெய்யாத மேகம் ஒன்றுக்குப் பயந்து தொட்டியும் கொட்டகையும் கொடுத்தவர் தாம்தான் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. ஆனால் அவர் கைதட்டியதும் தரையில் இருந்த பெண்களின் முகம் இறுகியது. என் பேச்சு அவ்வளவும் அந்த ஒரு கைதட்டலில் அவருடையதாகிவிட்டது.

அத்தை எழுந்து நின்றாள்.

“பாப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்த மந்திரி, அவ்ளோத்தையும் பேசி முடிச்சிட்டு வந்தாரே, கோட்டைக்குள்ள இருந்தவங்கள ஒரு வார்த்தை கேட்டாரா?”

உட்காரும்மா என்று தலைமை ஆசிரியர் சொன்னார். அத்தை உட்காரவில்லை. அம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மேடைத் தமிழ் போய்விட்டது. வீட்டுப் பேச்சில்தான் பதில் வந்தது.

“கேக்கல, அத்த. கேட்டிருக்கணும். கொடுத்தது அவரோடது மட்டும் இல்ல, எல்லாரோடதும். கேக்காம முடிச்சது தப்புதான்.”

அத்தை காத்திருந்தாள்.

“ஆனா தப்பு வேற, துரோகம் வேற. துரோகம்னா தனக்குன்னு ஏதாவது வாங்கியிருக்கணும். அவரு தனக்குன்னு இன்னா வாங்கினாரு? எல்லாரும் குடிக்கிற தண்ணியத்தான் அவரும் குடிச்சாரு.”

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, கம்பத்தோரம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

தீர்ப்பு தலைமை ஆசிரியருடையது. அமைச்சர் கோழையே. எவர்சில்வர் தட்டு தோழிக்குப் போயிற்று. வாங்கும்போது அவள் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். அந்தத் தட்டில்தான் அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்குப் பிரியாணி வைத்துக் கொடுத்தாள்.

அம்மாவோடு வீட்டுக்கு நடந்தேன். கடைத்தெரு தாண்டினதும், “நான் கேக்கலன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டியேடி” என்றாள். நான் மந்திரியைத்தான் சொன்னேன் என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் கொட்டகை நிழலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் என்று அவளே எழுந்து சொன்னாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்கு அத்தை என்ன சொன்னாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து குழம்பு வந்தது.

கோடை விடுமுறையில் அத்தை என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். அந்தப் புத்தகத்து வார்த்தையெல்லாம் எங்களுக்கும் சொல்லு என்றாள். தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு, தூளியில் பிள்ளைகள் தூங்க, அவர்கள் கேட்க, நான் சொன்னேன். உரிமை என்ற சொல்லும் சலுகை என்ற சொல்லும் அவர்களிடம் ரொம்ப நேரம் அடிபட்டன. கொட்டகை சலுகையா உரிமையா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. நடுகல் தளபதியை அத்தைக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. அவன் சண்டைக்கு நிக்கறேன்னு கத்துனதாலதான் மந்திரி போயி பேச முடிஞ்சுது என்றாள். ஐயாவின் வகுப்பில் யாருக்கும் தோன்றாத கோணம் அது. அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே பட்டது.

நாம் கூலி கேட்கப் போவதற்குப் புத்தகத்தில் என்ன பேர் என்று ஒருத்தி கேட்டாள். வேண்டுகோள் என்றும் சொல்லலாம், கோரிக்கை என்றும் சொல்லலாம் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. பள்ளி திறந்ததும் ஐயாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். வேண்டுகோளை ஏற்றாலும் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கோரிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். யார் கேட்டார்கள் என்றார். சொன்னேன். அந்த வருஷம் அவர் புதிய ஒன்பதாம் வகுப்புக்கு அந்தக் கதையை நடத்தும்போது, கோழைத்தனம் என்ற பதிலை எழுதச் சொல்லாமல், உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள் என்று சொன்னாராம். நமக்கு ஒரு வருஷம் பின்னால் படித்தவர்கள் சொல்லித் தெரியும்.

மழைக்காலம் முடிந்து அடுத்த சீசன் தொடங்கியது. கூலி பேச அம்மாவைத்தான் அனுப்புவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். இந்தத் தடவை எது வரைக்கும் இறங்கலாம், எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று எல்லோருமாக உட்கார்ந்து பேசி அவளிடம் சொல்லி அனுப்பினார்கள். கூட அத்தை போனாள். நானும் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

கூலி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு, இறங்கக் கூடாது என்று வைத்திருந்த கோட்டுக்கு மேலே. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்கு முன்னால், பேச்சு ஆரம்பிக்கும்போது நடந்தது.

அதே ஆபீஸ் ரூம். முதலாளி உட்கார்ந்திருந்தார். அத்தை மூலையில் கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலாளி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார்.

“சரி, உங்க வேண்டுகோள் இன்னான்னு சொல்லுங்க, பாக்கலாம்.”

அம்மா பேச வாயெடுத்தாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். அத்தை அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். கத்தவில்லை. அத்தை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“வேண்டுகோள் இல்லிங்க. கோரிக்கை.”

முதலாளி அம்மாவைப் பார்த்தார். இவளாவது தணிந்து போவாள் என்று நினைத்திருப்பார்.

“ஆமாங்க. கோரிக்கைதான்” என்றாள் அம்மா.

முதலாளி மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். வெளியே வானம் சுத்தமாக இருந்தது, எங்கேயும் ஒரு மேகம்கூட இல்லை.

“சரிம்மா. உங்க கோரிக்கையச் சொல்லுங்க” என்றார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள்.